கோழியைத் திட்டினால் முட்டை கூடுமா?

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் திடீரென்று முட்டை குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்ணைக்காரர் என்ன செய்வார்? ஷெட்டுக்குள் போய், "உங்களுக்கெல்லாம் பொறுப்பே கிடையாதா? தின்கிற தீவனத்துக்காவது முட்டை போட வேண்டாமா?" என்று கோழிகளைப் பார்த்துக் கத்துவாரா? மாட்டார். முதலில் நோட்டை எடுப்பார். எந்த ஷெட்டில் குறைந்தது, எந்தத் தேதியிலிருந்து குறைந்தது, தீவனம் எவ்வளவு இறங்கியது, தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டதா, வெயில் எப்படி, லைட் எத்தனை மணி நேரம் எரிந்தது, எத்தனை கோழி செத்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் எடுக்கும். சித்திரை வெயிலில் அது குறையும். தீவனம் குறைந்தால் முட்டை குறையும், ஓடும் மெலிசாகும். ஆகவே தீவனத்தை வெயில் ஏறுவதற்கு முன்பு கொடுப்பதா, கூரையில் தண்ணீர் தெளிப்பதா என்று ஏதாவது ஒன்றை மாற்றுவார். அடுத்த வாரம் மறுபடி நோட்டைப் பார்ப்பார். கூடியிருந்தால் மாற்றம் நிற்கும். கூடாவிட்டால் வேறு காரணம் தேடுவார்.

இதை அவர் எந்த மேனேஜ்மென்ட் புத்தகத்திலும் படிக்கவில்லை. நஷ்டம் கற்றுக்கொடுத்த பாடம்.

அங்கிருந்து பஸ் ஏறினால் சேலம். ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ், ஜங்ஷன் என்று எங்கே மாடிப்படி ஏறினாலும் ஒரு வெப் டிசைன் ஆபீஸ் கண்ணில் படும். நாலு பேர், ஆறு பேர், மிஞ்சினால் பத்துப் பேர். இளம்பிள்ளை சேலை வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர், திருச்செங்கோடு ரிக் வண்டி முதலாளி, ராசிபுரத்து ஸ்கூல் என்று எல்லோருக்கும் வலைத்தளம் செய்து கொடுக்கிறவர்கள் இவர்கள்தான். கம்ப்யூட்டர், ஏசி, சுழல் நாற்காலி எல்லாம் உண்டு. ஆனால் ஒரு தளம் சொதப்பியதும் இங்கே என்ன நடக்கிறது?

கோழியைத்தான் திட்டுகிறார்கள்!

ரிவ்யூ என்கிற சனிக்கிழமை அர்ச்சனை

காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சனிக்கிழமை சாயங்காலம். "எல்லாரும் உள்ள வாங்கப்பா" என்று ஒரு குரல். முதலாளி ஒருவர் உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் பாதிப் பேர் நிற்பார்கள்.

"ஏம்ப்பா, அந்தச் சேலைக்கடை சைட் என்னாச்சு? அந்தண்ணன் எனக்கு ஃபோன் மேல ஃபோன் போடறாரு. மானம் போகுது."

"சார், அது வந்துங்க சார், போட்டோ லேட்டா..."

"காரணம் சொல்லாத. எனக்கு ரிசல்ட் வேணும்."

அவ்வளவுதான் ரிவ்யூ. கவனித்துப் பாருங்கள், அந்தப் பையன் சொல்ல வந்தது ஒரு தகவல். போட்டோ தாமதமாக வந்தது என்பது உண்மையா, எத்தனை நாள் தாமதம், ஏன் தாமதம் என்று கேட்டிருந்தால் அடுத்த வேலைக்கு உதவியிருக்கும். அதைச் சொல்ல விடாமல் வாயை அடைத்துவிட்டு, "இனிமே எல்லாரும் கவனமா இருக்கணும்" என்று ஒரு தீர்மானம். கவனமாக இருப்பது ஒரு வேலைமுறையா என்ன? திங்கட்கிழமை காலையில் எந்த மெஷினில், எந்த ஃபைலில், எந்த ஃபோன் காலில் என்ன மாறும்? ஒன்றும் மாறாது. அடுத்த தளமும் அதே இடத்தில் சொதப்பும். அடுத்த சனிக்கிழமை அதே அர்ச்சனை, வேறு பெயருக்கு.

காரணம் கேட்பதையே குற்றமாக நினைக்கிற ஒரு ஆபீஸ் எப்படித் திருந்தும்?

திரும்பிப் பார்ப்பது என்றால் என்ன

மென்பொருள் உலகத்தில் இதற்கு ரெட்ரோஸ்பெக்டிவ் என்று பெயர், செல்லமாக ரெட்ரோ. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதனுடன் வெளியான 12 கொள்கைகளில் கடைசி இதுதான்: குழு குறிப்பிட்ட இடைவெளிகளில் தன்னைத் தானே திரும்பிப் பார்த்து, இன்னும் நன்றாக வேலை செய்வது எப்படி என்று யோசித்து, அதற்கேற்பத் தன் நடைமுறையை மாற்றிக்கொள்ள வேண்டும். அதே 2001-ல் நார்மன் கெர்த் என்பவர் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். கூட்டம் தொடங்கும்போதே எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டிய அடிப்படை என்று அவர் வைத்தது: அன்றைக்குத் தெரிந்ததையும், கையில் இருந்த வசதியையும், இருந்த சூழ்நிலையையும் வைத்து ஒவ்வொருவரும் முடிந்தவரை நன்றாகவே செய்தார்கள் என்று நம்பித்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பேச்சு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காமர்ஸ் படித்த யாருக்கும் இது புதிதல்ல. பிளஸ் ஒன் கணக்குப் பதிவியல் புத்தகத்தைத் திறந்தால் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று ஒரு பாடம் இருக்கும். ரொக்க ஏட்டில் ஒரு இருப்பு, வங்கிச் செல்லேட்டில் வேறொரு இருப்பு. அப்போது கேஷியரை அறைக்குள் கூப்பிட்டுத் திட்டச் சொல்லியா பாடம் நடத்தினார்கள்? கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லையா, போட்ட காசோலை வசூலாகவில்லையா, வங்கிக் கட்டணம் நம் ஏட்டில் ஏறவில்லையா என்று வித்தியாசத்தை ஒவ்வொரு வரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். கடைசி ரூபாய் வரைக்கும் காரணம் கண்டுபிடித்தால்தான் பட்டியல் முடிந்தது. ஏட்டில் விட்டுப்போனதை அப்புறம் ஏட்டில் திருத்த வேண்டும்.

ரெட்ரோ என்பது இவ்வளவுதான். நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. நடுவில் உள்ள வித்தியாசத்துக்கு வரி வரியாகக் காரணம் எழுதுவது, எழுதியபின் நடைமுறையைத் திருத்துவது. ஆள் முக்கியமில்லை, பதிவு முக்கியம்.

18 நாள் எங்கே போச்சு?

மேலே சொன்ன சேலைக்கடைத் தளத்தையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். (கற்பனைக் கணக்குத்தான். ஆனால் இந்தத் தொழிலில் ஒரு வருடம் இருந்தவர்கள் யாரும் கற்பனை என்று சொல்ல மாட்டார்கள்.)

முதலாளி ஃபோனில் சொன்னது 10 நாள். முடிந்தது 28 நாள். வித்தியாசம் 18 நாள். திட்டு முழுவதும் டிசைனர் பையனுக்கு. இப்போது சரிக்கட்டும் பட்டியல் போடுவோம்.

சேலை போட்டோக்கள் தாமதம்: 9 நாள். கடைக்காரர் வாட்ஸப்பில் அனுப்பினார், அது சுருங்கி மங்கலாக வந்தது, மறுபடி கேட்டு, மறுபடி வாங்கி, பாதி சேலைக்கு விலையே இல்லை என்று மறுபடி கேட்டு...

தமிழ் எழுத்தால் வந்த மறுவேலை: 3 நாள். டிசைன் முழுவதும் ஆங்கில மாதிரி வரிகளை வைத்துச் செய்யப்பட்டது. 'சப்மிட்' என்பதற்கு அளவெடுத்துத் தைத்த பட்டனுக்குள் 'சமர்ப்பிக்கவும்' எப்படி நுழையும்? ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் 'கி'யின் கொம்பும் 'கூ'வின் வாலும் வெட்டுப்பட்டன. எல்லாப் பக்கத்தையும் திரும்பத் தொட வேண்டியதாயிற்று.

"ஒரு சின்ன சேஞ்சு" என்று முதல் பக்கத்தை மூன்று முறை மாற்றியது: 4 நாள். மூன்றுக்கும் ஃபோனிலேயே "சரிங்கண்ணா, பண்ணிடலாம்" என்று தலையாட்டியவர் முதலாளி.

பணம் வாங்கும் வசதிக்கான அனுமதி: 2 நாள். ஜிஎஸ்டி சான்றிதழ், ரத்து செய்த காசோலை எல்லாம் கேட்பார்கள் என்பது கடைசி நாளில்தான் யாருக்கோ ஞாபகம் வந்தது.

9, 3, 4, 2. கூட்டினால் 18. கணக்கு டாலி.

இதில் அந்த டிசைனர் பையனின் பங்கு எவ்வளவு? அதிகபட்சம் 3 நாள். அதுவும் அவன் சோம்பலால் வந்ததல்ல, "முதல் நாளே நிஜமான தமிழ் வரிகளை வைத்துத்தான் டிசைன் செய்ய வேண்டும்" என்று அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் இல்லாததால் வந்தது. மீதி 15 நாள் விலைப்புள்ளியிலும், ஃபோன் பேச்சிலும், முதல் வாரத்தில் யாரும் கேட்காத கேள்விகளிலும் ஒளிந்திருக்கிறது. அந்தப் பையனை எத்தனை திட்டினாலும் அந்த 15 நாளில் ஒரு மணி நேரம்கூடக் குறையாது. அவனை வேலையை விட்டு நிறுத்தி வேறு ஒருவனை வைத்தாலும் குறையாது.

பட்டியல் கையில் இருந்தால் திருத்தம் தானாகத் தெரிகிறது. ஒன்று, 10 நாள் கணக்கு அசல் போட்டோவும் விலைப்பட்டியலும் முழுதாக வந்த தேதியிலிருந்துதான் தொடங்கும் என்று விலைப்புள்ளியிலேயே எழுதுவது. இரண்டு, தமிழ் வரி இல்லாமல் டிசைனைத் தொடங்குவதில்லை. மூன்று, இரண்டு மாற்றம் வரை இலவசம், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம், சொல்வது எழுத்தில். நான்கு, முன்பணம் வாங்கிய அன்றே பணவசதிக்கு விண்ணப்பம்.

நாலே வரி. ஆபீஸ் சுவரில் ஒட்டிவிடலாம். அடுத்த தளம் 10 நாளுக்குப் பதில் 13 நாளில் முடியலாம். அந்த 3 நாளுக்கும் பட்டியல் போட வேண்டும். முன்னேற்றம் என்பது இப்படி வித்தியாசம் குறைந்துகொண்டே வருவதுதான்.

"இதுக்கெல்லாம் நேரம் எங்கிருக்கு?"

முதல் ஆட்சேபணை இப்படித்தான் வரும். சரி, காசுக் கணக்காகவே பார்ப்போம். ஐந்து பேர் உள்ள ஆபீஸ். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 5 மணி நேர உழைப்புச் செலவு. மாதத்துக்கு 10 மணி. மேலே பார்த்த ஒரே ஒரு தளத்தில் தமிழ் மறுவேலை 3 நாள், முதல் பக்க மாற்றம் 4 நாள். ஒருவர் நாளைக்கு 8 மணி நேரம் என்று பார்த்தாலும் 56 மணி நேரம் வீண். ஒரு தளத்தின் வீண்செலவில் ஐந்து மாதத்துக்கும் மேல் ரெட்ரோ நடத்தலாம். நேரம் இல்லாததால் உட்காரவில்லை என்பது தலைகீழ் வாதம். உட்காராததால்தான் நேரம் இல்லை.

அந்த 56 மணி நேரத்துக்கு யாரும் பில் போடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். ராத்திரி 11 மணி வரைக்கும் உட்கார்ந்து, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, ஓவர்டைம் இல்லாமல் அந்தப் பையன்களும் பெண்களும் கட்டுகிறார்கள். முதலாளியின் லாப நட்டக் கணக்கில் ஏறாத செலவு அது. ஏறியிருந்தால் என்றைக்கோ உட்கார்ந்திருப்பார்.

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு!"

இரண்டாவது ஆட்சேபணை. பெரிய இடத்திலும் கோழியைத் திட்டுகிற பழக்கம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

2021 ஜூன் 7-ம் தேதி வருமான வரித் துறையின் புதிய இணையதளம் திறக்கப்பட்டது. கட்டியது இன்ஃபோசிஸ். திறந்த நாளிலிருந்தே கோளாறு. சேலத்திலும் நாமக்கல்லிலும் ஆடிட்டர் ஆபீஸ்களில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். ஆகஸ்ட் மாதம் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக் நிதியமைச்சகத்துக்கு அழைக்கப்பட்டார், செப்டம்பர் 15-க்குள் சரிசெய்யக் கெடு கொடுக்கப்பட்டது. தனிநபர் கணக்கு தாக்கல் செய்யும் கடைசித் தேதி டிசம்பர் 31 வரைக்கும் தள்ளிப்போனது. செய்தித் தலைப்பெல்லாம் யார் அழைக்கப்பட்டார், யார் என்ன கண்டித்தார் என்பதுதான். எந்தச் சோதனை விடுபட்டது, எந்த நடைமுறை மாறியது என்பது தலைப்பாகவில்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. பெரிய சனிக்கிழமை மீட்டிங் என்று வைத்துக்கொள்ளலாம். :-)

இதோடு வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சொதப்பல், 2013 அக்டோபர் 1-ம் தேதி அமெரிக்க அரசு திறந்த ஹெல்த்கேர்.கவ் என்ற காப்பீட்டுத் தளம். முதல் நாளில் வெற்றிகரமாகப் பதிவு செய்ய முடிந்தது ஆறே ஆறு பேர். ஆமாம், ஆறு. அங்கேயும் நாடாளுமன்ற விசாரணை, அர்ச்சனை எல்லாம் உண்டு. அமைச்சரே கூண்டில் நின்றது போல் பதில் சொன்னார். ஆனால் தளத்தை மீட்டது அந்த அர்ச்சனை அல்ல. கூகுளிலிருந்து விடுப்பில் வந்த மைக்கி டிக்கர்சன் போன்ற சில பொறியாளர்கள் உள்ளே போனதும் தினமும் கூட்டம் போட்டார்கள், விதிகளைச் சுவரில் ஒட்டினார்கள். முதல் விதியின் சாரம்: இந்த அறை பிரச்சினையைத் தீர்க்க, பழி போடுவதற்கு வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன. இரண்டாவது: பேச வேண்டியவர் விஷயம் நன்றாகத் தெரிந்தவர், பதவியில் பெரியவர் அல்ல. மூன்றாவது: அடுத்த ஓரிரு நாளில் கழுத்தை நெரிக்கப் போகிற பிரச்சினையை மட்டும் இப்போது பேசு.

இரண்டு மாதத்தில் தளம் பெரும்பாலானவர்களுக்கு வேலை செய்தது. 2014 ஏப்ரலில் பதிவுக் காலம் முடிந்தபோது மத்திய, மாநிலத் தளங்கள் எல்லாம் சேர்த்து 80 லட்சம் பேர் பதிந்திருந்தார்கள். இந்த மூன்று விதியில் எதற்காவது பெரிய கம்பெனி வேண்டுமா? கோடிக்கணக்கில் பணம் வேண்டுமா? ஒரு வெள்ளைத் தாளும் ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசையும் போதும்.

அமெரிக்கா தூரம் என்றால் ஓசூர் வரைக்கும் போகலாம். 1965 வரை பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர்தான். அங்கே ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார் 2002-ல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. அதே குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன், சென்னை பாடியில் இருந்த பிரேக் பிரிவுக்காக 1998-லேயே வாங்கிவிட்டது. அந்தப் பரிசு ஒரு நல்ல வண்டிக்கோ நல்ல பிரேக்குக்கோ தருவதல்ல, தரத்தைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போகும் வேலைமுறைக்குத் தருவது. 1962-ல் ஜப்பானில் இஷிகாவா ஊக்குவித்த தர வட்டம் என்பதன் அடிப்படையே, மெஷின் முன்னால் நிற்கிறவர்கள் சின்னக் குழுவாக உட்கார்ந்து தங்கள் வேலையைத் தாங்களே ஆராய்வது. டொயோட்டா ஆலையில் கோளாறு கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம். கயிற்றை இழுத்தவனுக்குத் திட்டு விழுந்தால் மறுநாள் எவன் இழுப்பான்?

இரும்பும் எண்ணெயுமாக இருக்கும் ஆலையில் முடிகிறது. வெறும் ஆறு பேர், ஒரே அறை, ஒரே டீக்கடை. அங்கே முடியாதா?

மஞ்சள் சீட்டு நாடகம்

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. பெங்களூரில் இரண்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சிலர் ரெட்ரோவையும் பெட்டியில் எடுத்து வந்திருக்கிறார்கள். வெள்ளைப் பலகை, மூன்று கட்டம், கலர் கலராக ஒட்டுச் சீட்டு. "நன்றாகப் போனது", "சரியாகப் போகாதது", "அடுத்து செய்ய வேண்டியது". எல்லோரும் எழுதி ஒட்டுவார்கள், கைதட்டுவார்கள், படம் எடுத்து குரூப்பில் போடுவார்கள். திங்கட்கிழமை காலை பலகையைத் துடைத்துவிடுவார்கள்.

அடுத்த கூட்டத்திலும் அதே "கன்டென்ட் லேட்டா வருது" சீட்டு. அதற்கடுத்த கூட்டத்திலும். யாராவது ஒருவர் பெயரும் ஒரு தேதியும் போட்டு அந்தச் சீட்டைக் கையில் எடுத்தாரா என்றால் இல்லை.

கணக்கில் இதற்குச் சரியான பெயர் உண்டு: அனாமத்துக் கணக்கு. இருப்பாய்வு சமமாகாவிட்டால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் தள்ளி வைக்கலாம். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வரைக்கும்தான். வருஷக் கணக்காக அனாமத்திலேயே கிடக்கிறது என்றால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? திட்டுகிற ஆபீஸ் வித்தியாசத்தை ஆள் மேல் எழுதுகிறது. கைதட்டுகிற ஆபீஸ் அனாமத்தில் எழுதுகிறது. இரண்டிலும் பிழை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. முன்னதில் வயிறு எரியும், பின்னதில் பிஸ்கட் கிடைக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

"திட்டலைன்னா பயம் இருக்காதே?"

மூன்றாவது ஆட்சேபணை. இதுதான் உண்மையான ஆட்சேபணை, மற்ற இரண்டும் சாக்கு.

பயம் இருந்தால் வேலை நடக்கும் என்று நம்புகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பயம் பிழையைக் குறைக்காது, பிழையைச் சொல்வதைத்தான் குறைக்கும். ஒரு பெண் தவறுதலாகப் பழைய பேக்கப்பைத் தளத்தின் மேல் ஏற்றிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிஷமே சொன்னால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். திட்டு விழும் என்று தெரிந்தால் அவள் தானே சரிசெய்யப் பார்ப்பாள், ராத்திரி வரைக்கும் மல்லுக்கட்டுவாள், அதற்குள் நாலு ஆர்டர் காணாமல் போயிருக்கும். அந்த நாலு ஆர்டர் பயத்துக்குக் கொடுத்த விலை.

அப்படியானால் சோம்பேறிகளே இல்லையா? இருக்கிறார்கள். அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும், தேவைப்பட்டால் அனுப்பிவிடவும் வேண்டும். அது வேறு வேலை. ரெட்ரோவில் அதைக் கலந்தால் இரண்டும் கெடும். பொறுப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எல்லோர் முன்னும் சொல்வதைவிடப் பெரிய பொறுப்பு எது?

இங்கேதான் முதலாளிக்குக் கசப்பான இடம் வருகிறது. மேலே போட்ட பட்டியலை மறுபடி பாருங்கள். 10 நாள் என்று வாக்குக் கொடுத்தது யார்? மூன்று முறை "பண்ணிடலாம்" என்றது யார்? போட்டோ வரும் முன்பே தேதி சொன்னது யார்? நம்மூர் ஆபீஸ்களில் ரெட்ரோ நடக்காததற்கு நேரமும் காரணமில்லை, காசும் காரணமில்லை. நேர்மையாகப் பட்டியல் போட்டால் பாதி வரிகள் முதலாளி பெயரில் போய் நிற்கும். அதை ஒரு 22 வயதுப் பையன் வாயால் கேட்க மனசு வரவில்லை. வயசுக்கு மரியாதை என்பது நல்ல பழக்கம்தான். ஆனால் கணக்கு வயசு பார்க்காது.

முதலாளிகள் எல்லாம் வில்லன்கள் என்பதல்ல இதன் அர்த்தம். அவர்கள் நிலைமையும் தெரிந்ததே. ஒரு தளத்துக்குப் பேரம் பேசிப் பேசிப் பாதி விலைக்கு இறக்குவார்கள், மீதிப் பணத்துக்கு ஆறு மாதம் அலைய விடுவார்கள், "உங்களாலே முடியலைன்னா ஈரோட்டுல ஒருத்தர் ரெடியா இருக்காரு" என்பார்கள். அந்தப் பயத்தில்தான் 10 நாள் என்று வாய் தானாகச் சொல்கிறது. அதனால்தான் அவரும் பட்டியலுக்குள் வர வேண்டும். அவர் பயத்தையும் ஒரு வரியாக எழுதினால் விலைப்புள்ளியை எப்படி மாற்றுவது என்று ஆறு பேரும் சேர்ந்து யோசிக்கலாம். வெளியே நின்று தீர்ப்புச் சொல்கிற வரைக்கும் அவரும் தனி, அவர்களும் தனி.

செய்ய வேண்டியது

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம். முதலில் பேசுவது வயதில் சின்னவர், கடைசியில் முதலாளி. கையில் தேதிகளோடு ஒரு நோட்டு. "யாரால்" என்ற கேள்விக்குத் தடை, "எந்த இடத்தில்" என்ற கேள்விக்கு மட்டும் அனுமதி. கூட்டம் முடியும்போது ஒரே ஒரு மாற்றம், ஒரு பெயர், ஒரு தேதி. பத்து மாற்றம் எழுதினால் ஒன்றும் நடக்காது. அடுத்த கூட்டத்தின் முதல் கேள்வி: போன தடவை எழுதியது நடந்ததா? நடக்கவில்லையென்றால் புதிதாக எதுவும் எழுதக் கூடாது.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகிவிடும்? பூமி ஒன்றும் பிளந்துவிடாது. இப்போது நடப்பதே நடக்கும். ஆத்தூர், ஓமலூர், பரமத்தி வேலூர், சங்ககிரி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து காலையில் டிஃபன் பாக்ஸோடு பஸ் ஏறி வருகிற பிள்ளைகள் ஒரு வருடம் திட்டு வாங்குவார்கள், தொழிலைக் கற்றுக்கொள்வார்கள், பிறகு கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார்கள். "இந்தக் காலத்துப் பசங்க நிலையா நிக்க மாட்டேங்கறாங்க" என்று முதலாளி புலம்புவார். போனவர் தலைக்குள் இருந்த அனுபவமும் கூடவே பஸ் ஏறிப் போய்விடும், ஏனென்றால் அதை யாரும் எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. அடுத்து வருகிற பையன் அதே ஆங்கில மாதிரி வரியை வைத்து அதே பட்டனைச் செய்வான். தீபாவளிக்கு முந்தின வாரம் இளம்பிள்ளையில் ஒருவர் ஆர்டர் வரவில்லையே என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நஷ்டத்தை அவருக்கு யார் ஈடு செய்வது?

இந்த வருடம் படிப்பு முடித்து இப்படி ஒரு ஆபீஸின் மாடிப்படி ஏறப் போகிறவர்கள் நிறைய இருப்பார்கள். இன்டர்வியூ முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்று கேட்பார்கள். சம்பளத்தைக் கேட்டபின் இன்னொன்றையும் கேளுங்கள்: "போன ப்ராஜெக்ட் முடிஞ்சதும் வேலை செய்யற முறையில என்ன மாத்தினீங்க, சார்?"

எதை மாற்றினோம் என்று சொன்னால் சேருங்கள். யாரை மாற்றினோம் என்று சொன்னால், அடுத்த பெயர் யாருடையது என்று யோசித்துக்கொண்டே படியிறங்கி வந்துவிடுங்கள்.